ஐந்து பேர் திருத்திய மரம்

தெய்வசிகாமணி முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவர். எல்லைக்கல் ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகு, ஒரு போன்சாய் மரத்தின் எதிரில் உட்கார்ந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மரம், ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த இச்சி. அலுவலகத்துச் சுவர் விரிசலில் முளைத்திருந்ததை எப்போதோ பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தது. பதினான்கு வருடத்தில் முழங்கை உயரம் வந்திருந்தது. தினமும் காலையில் காபி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றும். எது என்று பிடிபடாது.

மருதமலை அடிவாரத்தில் பிலோமினா என்பவர் போன்சாய் கற்றுத்தருகிறார் என்று கேள்விப்பட்டு மரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பிலோமினா அவரைவிட இருபது வயது சின்னவர். "ஏம்மா" என்று கூப்பிட வாயெடுத்தவர், அங்கே வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்துவிட்டு, "வணக்கம் டீச்சர்" என்றார்.

"ஒளிக்காமச் சொல்லுங்க டீச்சர். இதுல என்ன குறை?"

டீச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தார். தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒரு முழுச் சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டாவது கிளை, கீழ்க்கிளையவிடத் தடியா இருக்குதுங்க சார். மேல போகப்போக மெலியணும். அது போயிட்டா மரம் மூச்சு விடும்."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. வெட்டிவிட்டார். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. மஞ்சள்தூளை அப்பிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். டீச்சர் சொன்னது சத்தியம். மரம் எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் காபி ஆறும் வரைக்கும்கூட நிற்கவில்லை. கிளை போன பிறகு, அடிமரம் மொட்டையாகக் கண்ணில் பட்டது.

பிலோமினாவிடம் கற்பவர்கள் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். ஒருவர் மரத்துக்கு மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். அதுதான் அங்கே பழக்கம். தெய்வசிகாமணி நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தார்.

"அடிமரம் கம்பம் நட்ட மாதிரி நிக்குது. சாய்ச்சு நடுங்க" என்றார் பல் டாக்டர் வரதராஜ்.

சாய்த்து நட்டார்.

"தொட்டி ரொம்ப ஆழம். மரத்தையே முழுங்குது" என்றார் கட்டட வரைபடம் போடும் இந்துமதி.

ஆழம் குறைந்த தட்டு வாங்கி, அது கொள்ளும் அளவுக்கு வேரை நறுக்கி மாற்றினார்.

"வேர் வெளியில தெரியணுமுங்க. அப்பத்தான் வயசு தெரியும்" என்றார் மில் சுப்பையன்.

மேல்மண்ணைச் சுரண்டி வேரைக் காட்டினார்.

"உச்சி குடை மாதிரி தட்டையா இருக்குதே" என்றார் கல்லூரிப் பேராசிரியை ஒருவர்.

உச்சியைக் கழித்து, மிச்சக் கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றினார்.

எல்லாம் இரண்டரை மாதத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தேதி போட்டு டிக் அடித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் சொன்னவர் சொன்னது அப்பட்டமான உண்மையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் திருத்தி முடித்ததும் புதிதாக ஒரு குறை எதிரில் வந்து நின்றது. இது எப்படி என்றுதான் அவருக்கு விளங்கவில்லை. எல்லா அளவும் சரியாக எடுத்து, படம் மட்டும் கூடாமல் போனது அவர் வேலையில் ஒரு நாளும் நடந்ததில்லை.

"முதல்ல பாக்கறதுக்கு மரமா இருந்துச்சு" என்றார் மனைவி வத்சலா. "இப்ப என்னன்னு தெரியலீங்க. இன்னும் எத்தனை பேர்த்தைக் கேக்கப் போறீங்க?"

"உனக்கு இது புரியாது."

சொல்லிவிட்டாரே தவிர, தனக்குப் புரிந்ததா என்று அவருக்கே சந்தேகம்.

ஆகஸ்டில் கண்காட்சி. கற்பவர்களில் ஆறு பேருடைய மரங்களுக்குத்தான் இடம். அந்த ஆறில் தெய்வசிகாமணி பெயரையும் டீச்சர் எழுதியிருந்தார். இவர் தாராபுரத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் இருக்கும்போது இலை பழுத்தது. பிறகு கொட்டியது.

மடியில் மரத்தை வைத்துக்கொண்டு டீச்சர் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். வழியிலேயே நான்கு இலை உதிர்ந்திருந்தது. அவற்றையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

"டீச்சர், யார் சொன்னது தப்பு?"

டீச்சர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"யாரும் தப்பாச் சொல்லலீங்க சார்."

"அப்ப நான் தப்பாச் செஞ்சனா?"

"வெட்டெல்லாம் சுத்தமாத்தான் இருக்குது. சொன்னதைத்தான் செஞ்சிருக்கீங்க."

"முதல்ல நீங்கதானுங்க கிளைய வெட்டச் சொன்னது. அது?"

"அதுவும் சரிதான். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

தெய்வசிகாமணிக்குத் தலை சுற்றியது. "சொன்ன அஞ்சு பேரும் சரி. செஞ்ச நானும் சரி. அப்புறம் எதுக்குங்க இது சாகுது?"

டீச்சர் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"இந்த அஞ்சு பேரும் எந்த மரத்தைப் பாத்தாங்க?"

"இதைத்தான்."

"இதையா?"

தெய்வசிகாமணி தன் மடியிலிருந்த மரத்தைப் பார்த்தார். டாக்டர் பார்த்தபோது இரண்டாவது கிளை இல்லை. இந்துமதி பார்த்தபோது மரம் சாய்ந்திருந்தது. சுப்பையன் பார்த்தது... அவருக்குக் கணக்குத் தவறியது.

"வெட்டுங்கன்னு சொன்னேன்" என்றார் டீச்சர். "வெட்டிட்டு ஒரு வருசம் சும்மா இருங்கன்னு சொல்லல. கேப்பீங்கன்னு நெனச்சேன். அது என் தப்பு."

டீச்சர் தன் தப்பு என்று சொன்னது அவரை இன்னும் குழப்பியது. கோபப்படலாம் என்று வந்தவருக்கு, இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

டீச்சர் கம்பியையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தார். வெளியே தெரிந்த வேரை மண்ணால் மூடினார். மரத்தை நிழல்வலைக்கு அடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தார்.

"இங்கயே இருக்கட்டும். நீங்க தினம் வரலாம், பாக்கலாம். கை மட்டும் வைக்காதீங்க."

"என்னத்தைப் பாக்கட்டும்?"

"மரத்தைத்தான்."

தினமும் பஸ் பிடித்து வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கடைசி இலையும் விழுந்தது. குறை சொல்வதற்கு அதில் ஒன்றுமே மிச்சமில்லை. குறை தேடாமல் ஒன்றைப் பார்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்காட்சிக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் அவர் வரவில்லை. வந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்.

கண்காட்சி அன்று தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தார். மூன்றாவது மேசையில், வெள்ளைத் துணியின் மேல், அவருடைய இச்சி மொட்டையாக நின்றது. பக்கத்தில் அட்டை. அட்டையில் அவர் பெயர்.

காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. நேராக டீச்சரிடம் போனார்.

"என்னுங்க டீச்சர் இது? எல்லாரும் பாத்துச் சிரிக்கறதுக்கா?"

"பக்கத்துல நாற்காலி போட்டிருக்குது சார். உக்காருங்க."

போய் உட்கார்ந்தார்.

வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அட்டையைப் படித்தார்கள். "செத்த மரத்தை எதுக்கு வச்சிருக்காங்க?" என்றார் ஒருவர். "இல்லைங்க, இது ஏதோ புது மாதிரி" என்றார் இன்னொருவர். சுப்பையன் வந்து, வேரை ஏன் மறுபடியும் மூடினீர்கள் என்று கேட்டார். ஒரு அம்மா, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இந்தத் தட்டுக்கு நீல நிறம் எடுப்பாக இருக்கும் என்றார். தெய்வசிகாமணி பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார். எடுக்கவில்லை. மொட்டை மரத்துக்குக்கூட எல்லோரிடமும் சொல்ல ஒன்று இருந்தது. அதில் ஒன்றும் தப்பில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மண்டபம் காலியானது.

அவர் மட்டும் மரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் அடிமரத்தில் விழுந்தது. அங்கே ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எறும்பு என்று நினைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

இலைமொட்டு. பக்கத்தில் இன்னொன்று.

"டீச்சர்!"

அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிலோமினா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"பாருங்க. உயிர் இருக்குதுங்க."

"ஆமாங்க சார். முந்தாநாளே பாத்தேன்."

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஆனா டீச்சர், ரெண்டும் நேர் முன்னாடி வந்திருக்குது. பாக்கறவங்க கண்ணைக் குத்தற மாதிரி. இந்த எடத்துல கிளை வரவே கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? சின்னதா இருக்கும்போதே கிள்ளி விட்டர்றதுதானே நல்லது?"

விரல் மொட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சார்" என்றார் பிலோமினா. "மூணு மாசமா நாம எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு. இப்பத்தான் அது பதில் சொல்ல வாயைத் திறந்திருக்குது. நடுவுல பேசாதீங்க."