தண்ணீர் அதிகம் குடித்த எலி

எலியோடு மடத்துக்கு வந்த முதல் ஆள் தெய்வநாயகிதான்.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். ஓட்டுக்கூரை, நாலைந்து அறைகள், பின்னால் வற்றாத ஒரு சுனை. அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. தெய்வநாயகி அறுபதைத் தாண்டியவள். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள்.

வந்த அன்று அவளுடைய ஒரு கையில் துணிப்பை, மறு கையில் கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் வெள்ளை உடம்பும் கறுப்புத் தலையுமாக ஓர் ஆண் எலி.

"நெல்லுக் குதிர்ல இருக்கிற எலியை விரட்டவே எனக்குப் பொழுது போதலை. இந்தம்மா கூண்டுல வேற கொண்டாருது" என்று முணுமுணுத்தார் சமையல்காரர் பேச்சிமுத்து.

சாமி குனிந்து கூண்டைப் பார்த்தார்.

"பேரு என்ன?"

"மிளகு."

"வாங்க, ரெண்டு பேரும்."

மிளகு அவள் மகன் திருமாறன் வளர்த்த எலி. வெளியூரில் வேலை பார்த்த பிள்ளை அவன். ஒரே பிள்ளை. மழையில் வண்டியெடுத்துப் போனவன் லாரியில் மோதிவிட்டான். உடம்பு வெள்ளைத் துணி சுற்றி வீட்டுக்கு வந்தது. "முகத்தைப் பார்க்க வேண்டாம், உன்னால தாங்க முடியாது" என்றார்கள் உறவுக்காரர்கள். அவளும் துணியை விலக்கச் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவனோடு அறையில் தங்கியிருந்த பையன் அவனுடைய சாமான்களைக் கொண்டுவந்து வைத்தான். சில சட்டைகள், ஒரு ஹெல்மெட், இந்த எலி.

எலியென்றால் கட்டிலில் ஏறி நிற்கிறவள் அவள். ஆனாலும் கூண்டை வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் வளர்த்தாள். வீட்டில் இருக்க முடியாமல் போனபோது கூண்டைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டாள்.

"துக்கம் குறைய என்ன வழி, சாமி?" என்று வந்த நாளே கேட்டாள்.

"இருங்க, பார்ப்போம்" என்றார் அவர்.

சித்திரை பிறந்தது. மிளகின் தண்ணீர்ப் புட்டி காலையில் நிரப்பினால் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று. மறுபடி நிரப்பினால் சாயங்காலத்துக்குள் அதுவும் தீர்ந்தது. கூண்டில் விரித்த துணி எப்போது தொட்டாலும் ஈரமாக இருந்தது.

"வெயில் காலம். அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். துணியை மாற்றினாள். இன்னொரு புட்டி வாங்கி மாட்டினாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் தாழ்வாரத்தில் சாமி தனியாக இருக்கும்போது கூண்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

"சாமி, மிளகு ரொம்பத் தண்ணி குடிக்குது. வெயில்னாலதானே?"

"தெரியலையே அம்மா."

"நீங்க சொன்னா நிம்மதியா இருக்கும்."

"நான் பார்க்கலை. நீங்க பார்த்தீங்களா?"

"தினமும் பார்க்கிறேன், சாமி. இதைப் பார்க்காம எனக்குப் பொழுது விடியாது."

"அப்படின்னா கண்ணை மூடிக்குங்க."

அவள் மூடிக்கொண்டாள்.

"மிளகைப் பத்திச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். திருமாறன் இதைத் தோளில் வைத்துக்கொண்டுதான் சமைப்பானாம். போனில் பேசும்போது, "அம்மா, உன் பேரன் தூங்குறான்" என்பானாம். வேர்க்கடலையை வாயில் கவ்விக்கொண்டு குனிவானாம், இது வந்து வாங்கிக்கொள்ளுமாம். சொல்லச் சொல்ல அவள் குரல் இளகியது.

சாமி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேட்டார்: "மிளகுக்கு எந்தக் காதுல கிழிசல் இருக்கு?"

அவள் கை தன் காதுமடலைத் தொட்டது.

"கிழிசல் இருக்கா?"

"இருக்கு. ஒரு காது கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்."

"எது?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"தினமும் பார்க்கிறேன்னு சொன்னீங்க. யாரைம்மா பார்த்தீங்க?"

"என் மகனை."

"மிளகை யார் பார்க்கிறது?"

அவள் கண்ணைத் திறந்தாள். கிழிந்திருந்தது இடது காது. ஆனால் கண்ணில் முதலில் பட்டது அது இல்லை. இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. வழவழவென்று படிந்திருந்த ரோமம் நனைந்து காய்ந்த சணல் மாதிரி சிலுப்பிக்கொண்டிருந்தது. முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது மிளகு.

எப்போதிருந்து இப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பார்க்க ஆரம்பித்தாள். பருப்புப் போட்டால் முகர்ந்துவிட்டு விலகிப்போவதைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் படிந்த மூத்திரம் மஞ்சளாக இல்லாமல் வெறும் தண்ணீர்போல இருப்பதைப் பார்த்தாள். முன்பெல்லாம் மூக்கைத் துளைக்கிற வாடை இப்போது இல்லை. அடுக்களைத் தராசில் ஒரு கிண்ணத்தோடு வைத்து நிறுத்தாள். மறுவாரம் நிறுத்தபோது எடை குறைந்திருந்தது. பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தராசுத் தட்டைத் தானே கழுவிக் கொடுத்தார்.

ஒரு காலை மிளகின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

"ரத்தம், சாமி!" என்று ஓடிவந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவள் நின்றாள்.

"காட்டினா என்ன சொல்வாங்களோ."

"ஆமா."

"தெரியாம இருக்கிறதே நல்லது, சாமி. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். இதுக்கு வயசும் ஆயிடுச்சு. எலி ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல இருக்காதாமே."

சாமி சுனைப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒருத்தன் வீட்டுக் கதவை யாரோ தட்டினாங்க. கெட்ட சேதியா இருக்கும்னு அவன் திறக்கலை. மறுபடி தட்டினாங்க. காதைப் பொத்திக்கிட்டான். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுபோச்சு. அப்பாடான்னு போய்ப் படுத்துக்கிட்டான்."

"அப்புறம்?"

"அவனுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. வெளிய நின்னவன் தண்ணி கேட்டு வந்தவன்."

தெய்வநாயகி கூண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

டவுனில் கால்நடை மருத்துவர் ஜெஸிந்தா மாட்டையும் நாயையும் பார்க்கிறவள். வாசலில் காத்திருந்தவர்கள் எலியைப் பார்த்துச் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை.

"எலி நான் அதிகம் பார்த்தது இல்லம்மா. தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

கண்ணோரத்துச் சிவப்பை ஈரப்பஞ்சால் துடைத்தாள்.

"இது ரத்தம் இல்ல. எலிக்குக் கண்ணுக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்கு. அதுல சுரக்கிறதே சிவப்பாத்தான் இருக்கும். நல்லா இருக்கிற எலி நக்கித் துடைச்சிக்கும். முடியாம போனா அப்படியே காய்ஞ்சு நிக்கும்."

கழுத்துத் தோலை மெல்லத் தூக்கிவிட்டாள். தோல் உடனே படியாமல் கூடாரம்போல நின்று, மெதுவாக இறங்கியது.

"இவ்வளவு குடிச்சும் உடம்புல தண்ணி தங்கலை. வர்றது எல்லாம் போயிடுது."

எலியை ஒன்றும் விரிக்காத சுத்தமான தொட்டியில் விட்டுக் காத்திருந்தாள். அது விட்ட மூத்திரத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு சொட்டைச் சோதனைக் காகிதத்தில் விட்டாள். கட்டங்கள் நிறம் மாறின.

"சர்க்கரை இல்ல. தண்ணி நிறையக் குடிச்சா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். புரதம் இருக்கு. ஆனா வயசான ஆண் எலிக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதை வெச்சு மட்டும் முடிவு சொல்ல முடியாது. மூத்திரம் ரொம்ப நீர்த்திருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கலை. ரத்தம் பார்க்கணும்."

"இத்தனூண்டு உடம்புல எங்கே ரத்தம் இருக்கு?"

"அதனாலதான் சொட்டுக் கணக்குல எடுக்கணும்."

வாலைச் சூடுதண்ணீரில் நனைத்து, நரம்பில் ஊசி வைத்தாள். மிளகு துள்ளவில்லை. துள்ளாததைத் தெய்வநாயகி பார்த்தாள்.

முடிவு மறுநாள் வந்தது. மருத்துவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"யூரியா, கிரியாட்டினின் ரெண்டும் ஏறிக் கிடக்கு. கிட்னி ரொம்ப நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கும்மா. மனுஷனைப் போலத்தான் இதுவும். பெரும்பகுதி போன பிறகுதான் வெளிய தெரியும்."

"குணமாகாதா?"

"ஆகாது. கொஞ்ச நாளைக்குக் கஷ்டம் தெரியாம வெச்சுக்கலாம். தண்ணியை மட்டும் ஒருநாளும் குறைச்சிடாதீங்க."

தோலுக்கு அடியில் உப்புநீர் ஏற்றக் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவை தெய்வநாயகி குத்தியபோது ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. அன்று இரண்டு வேளை அவள் சாப்பிடவில்லை.

பிறகு பழகிவிட்டது. காலையில் உப்புநீர். குழைந்த சோறு, வேகவைத்த பூசணி. வாயருகே விரலில் வைத்து நீட்டினால் நக்கும். சில நாள் மிளகு தெளிந்ததுபோல இருந்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்து நின்று அவளைத் தேடியது. மகன் தேடுவதுபோல என்று ஒருமுறை தோன்றியது. உடனே கிழிந்த காதைப் பார்த்தாள். மிளகுதான் தேடியது. மிளகுக்குப் பசி.

அதற்கு நெல்லிக்காய் பிடிக்காது, பூசணி பிடிக்கும். இடதுபுறமாகச் சுருண்டுதான் தூங்கும். காதுக்குப் பின்னால் தடவினால் சுகத்தில் பல்லை மெல்லக் கறகறவென்று அரைக்கும், கண்மணி அசையும். இதெல்லாம் இப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது. தெரியத் தெரிய அது மெலிந்துகொண்டே போயிற்று.

ஆடிக் காற்று தொடங்கியபோது மிளகு பூசணியையும் விட்டது. தண்ணீர்ப் புட்டிவரை நடக்க முடியவில்லை. அவள் பஞ்சில் நனைத்துப் பிழிந்தாள். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது.

"ரொம்ப முடியாம போனா ஊசி போட்டு அனுப்பிடலாம்னு டாக்டர் அன்னைக்கே சொல்லியிருக்காங்க. எப்ப வேணாலும் வாங்கன்னாங்க. என்ன செய்யட்டும், சாமி?"

"நான் சொல்ல முடியாதும்மா."

"குருன்னு எதுக்கு இருக்கீங்க?" முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போன்னு சொன்னாப் போறேன். வேண்டாம்னா இருக்கிறேன்."

சாமி அவள் மடியில் கிடந்த மிளகைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இப்ப மிளகு எப்படி இருக்கு?"

அவள் மடியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"போதும்னு இருக்கு" என்றாள்.

பேச்சிமுத்து அவளைப் பஸ்வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

"வெளிய இருக்கணும்னா இருங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் ஜெஸிந்தா.

"இங்கேயே இருக்கேன்."

முதல் ஊசியில் அது தூங்கியது. இடதுபுறமாகச் சுருளப் பார்த்தது, முடியவில்லை. தெய்வநாயகி அதைத் திருப்பிச் சுருட்டிவிட்டாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு விலா ஏறி இறங்குவது நின்றது. கண் மூடவில்லை. அவள் கையும் உடனே விலகவில்லை.

சாயங்காலம் மலையடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவாமல் வந்து சாமியின் முன்னால் உட்கார்ந்தாள். காற்று ஓட்டைத் தடதடக்க வைத்துக்கொண்டிருந்தது.

"இங்க வரும்போது எனக்கு ஒரு துக்கம் இருந்துச்சு, சாமி. அது குறைய வழி கேட்டுத்தான் வந்தேன்."

"ஆமா."

"நீங்க பார்க்கச் சொன்னீங்க. பார்த்தேன். இப்ப ரெண்டு துக்கம்."

"ஆமாம்மா."

"பழசு ஒரு துளிகூடக் குறையலை."

"குறையாது."

"பார்க்காமலே இருந்திருந்தா, அவன் வளர்த்த எலி ஒண்ணு செத்துப்போச்சுன்னு ஒரு நாள் அழுதிருப்பேன். அதோட போயிருக்கும். இப்ப அப்படி இல்ல. மிளகு செத்துப்போச்சு." அவள் குரல் உடைந்தது. மண் ஒட்டிய கையை மடியில் விரித்துவைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாமி தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை.

அழுகை ஓய்ந்தபின் அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப எதுக்கு, சாமி? இந்தத் துக்கத்தை எதுக்கு எனக்குக் கொடுத்தீங்க?"

சாமியின் கண்ணும் கலங்கியிருந்தது.

"இது உங்களுக்குக் கொடுத்தது இல்லம்மா" என்றார். "மிளகுக்குக் கொடுத்தது."