ரேகை வைக்க மறுத்த அங்காயி

வெகு காலத்துக்கு முன்னால், அல்லிமேடு என்கிற நாட்டைச் சூரகேசரி பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எந்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று அவருக்கே தெரியாது. காலையில் சிறைக்கு அனுப்பியவனை மத்தியானம் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்து, "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?" என்பார்.

அவருடைய அரண்மனை வைத்தியர் அகளங்கப் பண்டிதர். கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரர். பாட்டுக் கட்டுவதில் தன்னை அடிக்க ஆளே இல்லை என்று வேறு நினைப்பு. யாருக்குக் கத்தி வைப்பதானாலும் முதலில் ஓர் ஓலையை எடுத்து ராகம் போட்டுப் பாடுவார். நோயாளி என்ன செய்ய வேண்டும், என்ன ஆபத்து வரலாம், எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பண்டிதர்களுக்கு மட்டுமே தெரிந்த பாஷையில் இருக்கும். பாடி முடித்ததும் நோயாளி ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கட்டைவிரலில் மை தடவி ரேகை வைக்க வேண்டும்.

எல்லோரும் வைத்தார்கள். அங்காயி வைக்கவில்லை.

அங்காயி சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்க்கிறவள். இரண்டு கண்ணிலும் படலம் மூடி, எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியாத நிலை. ஊசியால் படலத்தை ஒதுக்கினால் பார்வை வரும் என்று கேள்விப்பட்டு வந்தவள், பாட்டைக் கேட்டுவிட்டுக் கையை மூடிக்கொண்டாள்.

"சாமி, இதுல என்ன இருக்குன்னு நாம பேசுற பேச்சுல சொல்லுங்க. அப்புறம் வைக்கிறேன்."

"சாஸ்திரத்தைச் சந்தைப் பேச்சில் சொல்வதா? வை ரேகையை!"

"மாட்டேன்."

பண்டிதருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் காலையில் சபையில் வந்து நிற்கும்படி அவளுக்கு உத்தரவு போட்டார்.

அன்றைக்குப் பார்த்து ராஜாவுக்கே வைத்தியம். முதுகில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. உச்சிவேளையில் கீற வேண்டும். விடிந்ததும் பண்டிதர் ஓலையைப் பாட, ராஜா "பலே!" என்று முத்திரையும் வைத்தாயிற்று. இது ஊருக்கே தெரிந்த சேதி. அங்காயிக்கும் தெரியும். ராஜாவைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு கூடை நெய்ப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

கூடையைத் திறந்ததும் சபையே மணத்தது. ராஜா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

"பிரபு, இவள் சாஸ்திரத்தை அவமதித்தாள்" என்றார் பண்டிதர்.

"அப்படியா? ரேகை வைக்காத விரல் எதற்கு? வெட்டிவிடுவோம்" என்றார் ராஜா, மூன்றாவது பணியாரத்தை மென்றபடி.

"வெட்டுங்க மகாராசா. ஆனா, ஏன் வைக்கலைன்னு கேட்டுட்டு வெட்டுங்க" என்றாள் அங்காயி. "போன மாசி மாசம் என் தம்பி சடையன் காலுல கட்டியைக் கீறப் போனான். கத்தி படப்போற உடம்பு, தெம்பு வேணுமேன்னு என் கையால பழைய சோறு ஊட்டி அனுப்பினேன். மயக்கக் கஷாயம் கொடுத்தாங்க. படுத்தவன் வாந்தி எடுத்து, சோறு மூச்சுக்குழலுக்குள்ள போயி, அப்படியே போய்ட்டான். நான் கதறுனப்ப இந்தச் சாமி என்ன சொன்னாரு தெரியுமா? 'எல்லாம் ஓலையில் இருக்கிறது, உன் தம்பி ரேகையும் இருக்கிறது'ன்னாரு."

"உண்மைதானே? பாடியபோது கேட்டிருக்க வேண்டும்" என்றார் பண்டிதர்.

ராஜா ஏழாவதை எடுத்தார்.

"மகாராசா, உங்களுக்கும் காலையில பாடினாங்களே. என்ன சொன்னாங்க?"

"ஆகா, அற்புதமாகப் பாடினார்!"

"பாட்டு இருக்கட்டும். என்ன சொன்னாங்க?"

ராஜா மேலே பார்த்தார். விட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "பண்டிதரே, அதை இன்னொரு முறை பாடும்."

பண்டிதர் கண்ணை மூடி ஆனந்தமாக எடுத்தார்: "அஸ்தமனாதி அசன வர்ஜிதனாய், ஆதுரன் ஔஷத பானம் புரிக..."

"அதுக்கு என்ன அர்த்தம் சாமி?"

"முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்துதான் மயக்கக் கஷாயம்..."

பண்டிதர் கண்ணைத் திறந்தார். ராஜாவின் கன்னம் உப்பியிருந்தது. அசையவில்லை.

"அடியே! எனக்கு விஷம் வைத்தாயா?" என்று பணியாரத்தைத் துப்பினார் ராஜா.

"நல்ல வெல்லமும் நெய்யும் மகாராசா. வேற யாரு கொடுத்திருந்தாலும் தின்னிருப்பீங்க. எல்லாம் ஓலையில் இருக்கிறது, உங்க முத்திரையும் இருக்கிறது! இன்னைக்குக் கஷாயம் குடிக்காதீங்க, அவ்வளவுதான். இந்தச் சாமி பக்கத்துலேயே நின்னு நீங்க தின்ன அத்தனை பணியாரத்தையும் பார்த்தாரே, ஒரு வார்த்தை சொன்னாரா? பாடியாச்சு, கடமை முடிஞ்சுது. என் தம்பிக்கும் இப்படித்தான் முடிஞ்சுது."

ராஜா எழுந்து, பண்டிதரின் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவிக்கொண்டார்.

"இனி வைத்தியசாலையில் பாட்டுக் கிடையாது. நோயாளிக்குப் புரிகிற பேச்சில் நீர் சொல்ல வேண்டும். கேட்டதை அவன் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் உம் கத்தி உறையில் இருக்கட்டும். இவளிடமே ஆரம்பியும், இப்போதே, இங்கேயே!"

பண்டிதர் தொண்டையைச் செருமினார். வார்த்தை லேசில் வரவில்லை.

"ஊசி படும்போது... தலையை ஆட்டக் கூடாது அம்மா. ஏழு நாள் குப்புறப் படுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பத்துப் பேரில்... இரண்டு பேருக்குப் பார்வை வராது. இருக்கிற வெளிச்சமும் போகலாம்."

"போகலாமா?"

"போகலாம்."

அங்காயி எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிச் சொன்னாள். பிறகு இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"அப்படின்னா ரெண்டையும் ஒண்ணா தொடாதீங்க சாமி. இடது கண்ணு மட்டும் இப்பப் பாருங்க. அது தேறினா மத்தது. அப்படித்தான் எழுதணும்."

பண்டிதர் தரையில் உட்கார்ந்து, அவள் சொன்னபடியே ஓலையில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். அங்காயி கட்டைவிரலை நீட்டி, "எங்கே வைக்கணும், காட்டுங்க" என்றாள்.