நாலு காவலாளிகளும் ஒரு சுண்ணாம்பு டப்பியும்

கழுத்துக்குள்ளே நாலு காவலாளிகள். ஒவ்வொருவரும் அரிசியளவு. வீட்டுப் பானையில் சுண்ணாம்பு குறைந்தால் எழுந்து வேலை செய்வார்கள். நிறைந்தால் உறங்குவார்கள். யார் அவர்கள்?

விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. செண்பகாவுக்கும் தெரியவில்லை.

செண்பகா மிருதங்கம் கற்கும் சிறுமி. அவளுடைய வாத்தியார் விடங்கருக்கு எலும்பெல்லாம் வலி. மிருதங்கத் தோலில் விரல் பட்டாலே முகம் சுளித்தார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கூடுதல் என்று பரிசோதனையில் வந்தது. இன்னொரு பரிசோதனைக்கும் ரத்தம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். வாத்தியார் போகவில்லை. ஊசி என்றால் அவருக்குப் பயம்.

செண்பகா அவருடைய வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை ஒளித்து வைத்தாள்.

மழை பெய்துகொண்டிருந்த மதியம். மிருதங்கம் உறைக்குள்ளேயே இருந்தது.

“டப்பி எங்கே?”

“சொல்ல மாட்டேன். அதுதான் உங்க ரத்தத்துல ஏறுது.”

“நீ என்ன, போலீஸா?”

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் குரல் மழைக்கு அப்பாலிருந்து வருவது போலிருந்தது.

“ஒரு வெள்ளை வீடு. சுவரெல்லாம் சுண்ணாம்பு. நடுவுல ஒரு பானை. பானை குறைஞ்சா நாலு காவலாளிங்க சுவரைச் சுரண்டிப் போடுவாங்க. நிறைஞ்சா தூங்கிடுவாங்க. ஒருநாள் பானை பொங்கி வழியுது. வாசல்ல ஒரு சுண்ணாம்பு வண்டி. ஊரே சேர்ந்து வண்டிக்காரனைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுது.”

“அவன்தானே கொட்டினான்?”

“யார் பார்த்தா?”

செண்பகாவும் கண்ணை மூடினாள். வெள்ளை வீடு தெரிந்தது. உள்ளே எங்கோ சுரண்டும் சத்தம். மழையாகவும் இருக்கலாம்.

“காவலாளிங்க தூங்குறாங்களா வாத்தியாரே?”

“தூங்கினா, சுண்ணாம்பு வேற எங்கிருந்தோ வருது. பானை வழிஞ்சும் சுரண்டிக்கிட்டே இருந்தா, கோளாறு அவங்ககிட்ட.”

“சுவர் என்ன ஆகும்?”

“மெலிஞ்சு போகும்.” வாத்தியார் விரல் மூட்டுகளைத் தடவிக்கொண்டார்.

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“பானையை மட்டும் பார்த்தா தெரியாது. அதே நேரத்துல காவலாளிங்க அறையையும் எட்டிப் பார்க்கணும்.”

“டாக்டர் ரத்தம் கேட்டது அதுக்குத்தானா?”

வாத்தியார் ஒரு கண்ணைத் திறந்தார். “பாராதைராய்டுன்னு நாலு சுரப்பியாம். அது விடுற ஹார்மோனை அளந்தா, முழிச்சிருக்கா தூங்குதான்னு தெரியுமாம். சரி, கதை முடிஞ்சுது. வண்டிக்காரனை அவிழ்த்து விடு. டப்பியைக் கொடு.”

செண்பகா டப்பியைக் கொடுக்கவில்லை. குடையையும் அவருடைய செருப்பையும் எடுத்து வந்து வைத்தாள்.