முயல் எழுத உட்கார்ந்த நாள்

ஒரே ஒரு காடாம், அந்தக் காட்டிலே ஒரே ஒரு சுனையாம். கோடையிலும் வற்றாது. அதனால் எல்லா மிருகமும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும். சிறுத்தையும் வரும்.

சிறுத்தைக்குக் கதை என்றால் உயிர். சுனைக்கரை வளையில் குடியிருந்த முள்ளம்பன்றி அதற்குத் தினம் ஒரு கதை எழுதிக் கொடுக்கும். தன் முள்ளையே நாவல்பழச் சாற்றில் தோய்த்துத் தேக்கிலையில் எழுதும். "பொழுது சாயும்போது புதுக்கதை இருந்தால், இந்தக் கரையில் யாரையும் தொட மாட்டேன்" என்று சிறுத்தை வாக்குக் கொடுத்திருந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவே பயம்.

ஒருநாள் முள்ளம்பன்றி காய்ச்சலில் விழுந்தது. கண்ணையே திறக்கவில்லை.

"இன்னைக்குக் கதைக்கு என்ன பண்றது?" என்றது மான். குட்டியைத் தன் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டது.

"பயப்படாதீங்க அக்கா, நான் எழுதறேன்," என்றது முயல். "மாமா எழுதறதை எத்தனை நாள் பார்த்திருக்கேன்."

பார்த்தது உண்மைதான். முள்ளம்பன்றி விடியலில் குளிக்கும். அத்திப்பழம் தின்னும். புற்றைச் சுற்றி உலாத்தும். பிறகு சுனையோரப் பாறையடியில் உட்காரும். அது குனிந்து எழுத ஆரம்பித்ததும், இனி வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை என்று முயல் புல் மேயப் போய்விடும்.

முயல் குளித்தது. அத்திப்பழம் தின்றது. புற்றைச் சுற்றியது. பாறையடியில் உட்கார்ந்தது. ஒன்றும் வரவில்லை. குளித்தது சரியில்லையோ என்று போய் மறுபடி குளித்தது.

உச்சிவெயிலில் மான் வந்து எட்டிப் பார்த்தது. "என்ன தம்பி, இலையில ஒரு எழுத்தும் காணோமே?"

"மனசு கூடி வரணும் அக்கா. பழம் வேற கொஞ்சம் புளிப்பு. நல்லதா கிடைக்குமா?"

"நீ எழுத வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

"பேசிப் பேசிக் கெடுக்காதீங்க," என்று முயல் மறுபடி புற்றைச் சுற்றப் போனது.

வெயில் மஞ்சளானது. பறவைகள் ஒவ்வொன்றாய் அடங்கின. எங்கோ சருகு நொறுங்கியது. சிறுத்தை வந்து நின்றது.

"கதை?"

முயல் முள்ளம்பன்றியின் பழைய இலை ஒன்றை நீட்டியது.

"இது மழைக்காலத்துல கேட்டது," என்றது சிறுத்தை. "சரி. தாகமா இருக்கு. குடிச்சிட்டு வர்றேன்."

அது சுனையில் குனிந்தது. சளப், சளப் என்று நாக்கு தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும் கேட்டது. மான் தன் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. முயலுக்குப் பின்னால் பாறை, முன்னால் சிறுத்தை. ஓட வழியில்லை. முள்ளம்பன்றி உதிர்த்துப் போட்டிருந்த முள்ளை எடுத்தது. தோய்த்தது. எழுதியது.

சத்தம் நின்றது.

சிறுத்தை இலைக்கு மேல் முகத்தைக் கொண்டுவந்தது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "'தாயைத் தொலைத்த குட்டி ஒன்று தனியாக மலையேறியது,'" என்று படித்தது. கொஞ்சம் காத்திருந்தது. "அப்புறம்?"

"அவ்வளவுதான் ஐயா."

"நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கே," என்றது சிறுத்தை, நிஜமான வருத்தத்தோடு. "காலையிலேயே ஆரம்பிச்சிருக்கலாமே."

பிறகு முயலைக் கவ்விக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனது.

எழுதுகிறவரின் பழக்கங்களை எல்லாம் பழகிக்கொண்டாலும், குனிந்து எழுதாத வரை எழுத்து வராது.