பூட்டை இழுத்துப் பார்த்த அமைச்சர்

வெகுகாலத்துக்கு முன்னால் மருதவளநாடு என்றொரு நாட்டை வழுதிவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். மழை பெய்தால் பாட்டுப் பாடு என்பார். பாடினால் மழைச்சத்தம் கேட்கவில்லை என்று கோபிப்பார்.

அவருடைய முதலமைச்சர் இளவெயினி. வயதில் சின்னவர், வாதத்தில் யாருக்கும் சளைக்காதவர். கருவூலத்தின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். தினமும் மாலையில் பூட்டுவார், வாசல்வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான் விஷயம். ஒரு திருடனும் அந்தக் கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் அரண்மனை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஒருநாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அரசர் பல்லக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அமைச்சரைக் காணோம்.

“எங்கே போனார்?”

பக்கத்தில் நின்ற அரங்கேசர் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். இளவெயினி வரும்வரை முதலமைச்சர் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்த மனிதர் அவர். “வேறெங்கே அரசே? பூட்டைப் பார்க்கத்தான். தன் கை பூட்டியதைத் தானே நம்பாத பித்து அது! அந்தக் கையில் நாட்டைக் கொடுத்திருக்கிறீர்கள்” என்றார்.

வெயிலில் காத்திருந்த அரசருக்குச் சுருக்கென்றது. இளவெயினி வந்ததும், “அமைச்சரே, நாளைக் காலை சபைக்கு முத்திரை மோதிரத்தோடு வாருங்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்” என்றார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. இளவெயினி தலைகுனிந்து வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ நிமிர்ந்து வந்தார்.

“மோதிரம் இதோ அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். என் பூட்டுப் பழக்கத்தைப்போல ஒரு கிறுக்கும் இல்லாதவர் யாரோ, அவருக்கே இதைக் கொடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் என்னிடமே இருக்கட்டும்.”

“சரியான பேச்சு!” என்றார் அரசர். “யார் இருக்கிறீர்கள்?”

சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. தளபதி தொண்டையைச் செருமினார். “நான் வாளை உறையில் போட்டபிறகும் கைப்பிடியைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். எனக்கு வேண்டாம்.”

“நான் மண்டபத்துக்குள் வந்தால் தூண்களை எண்ணாமல் உட்காரமாட்டேன்” என்றார் அவைப்புலவர். “யாரோ ஒரு தூணைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதைப்போல!”

சிரிப்பு எழுந்தது. அரசர் மட்டும் சிரிக்கவில்லை. நிலைப்படியில் இடதுகால் முதலில் பட்டுவிட்டால் திரும்பிப்போய் வலதுகால் வைத்து வருகிறவர் அவர். யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தார்.

அரங்கேசர் எழுந்தார். “நான் இருக்கிறேன் அரசே. என்னிடம் அப்படி எதுவும் கிடையாது. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்.”

“சத்தியமெல்லாம் எதற்கு ஐயா? நானே தட்டு கொண்டுவருகிறேன்” என்று இளவெயினி உள்ளே போனார்.

மருதவளநாட்டில் பதவி கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு நடுவே மோதிரத்தை வைத்து அரசர் நீட்டுவார். வாங்குகிறவர் முதலில் மோதிரத்தை எடுத்து அணிய வேண்டும். அதற்கு முன் தட்டில் வேறு எதைத் தொட்டாலும், பதவி வேண்டாம் என்று பொருள். இது தெரியாதவர் சபையில் ஒருவரும் இல்லை.

தட்டு வந்தது. அரசர் நீட்டினார். அரங்கேசர் பணிவாக வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றார்.

வெற்றிலையில் ஒன்று வடக்கே பார்த்தது, ஒன்று தெற்கே. ஒன்று குப்புறக் கிடந்தது. பாக்கு ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. மோதிரத்தை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. நெற்றியில் வேர்வை. குப்புறக் கிடந்த அந்த ஓர் இலையை மட்டும், அதுவும் சுண்டுவிரலால்...

திருப்பிவிட்டார். அதற்குப்பின் கை நிற்கவில்லை. நுனிகளெல்லாம் ஒரே பக்கம், காம்புகளெல்லாம் ஒரே பக்கம். பாக்கைக் குவித்தார். இடைஞ்சலாக இருந்த மோதிரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். எல்லாம் ஒழுங்கானதும் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்.

சபை வெடித்துச் சிரித்தது.

“இது... இது பித்து இல்லை! இதற்குப் பெயர் ஒழுங்கு!” என்று கத்தினார் அரங்கேசர்.

“ஓகோ!” இளவெயினிக்கு இப்போதுதான் கோபம் வந்தது. “நீங்கள் செய்தால் ஒழுங்கு, நான் செய்தால் பித்தா? எந்த ஊர் நியாயம் ஐயா இது? ஒவ்வொரு விருந்திலும் உங்கள் தாம்பூலத் தட்டை மட்டுமா, பக்கத்தில் இருப்பவர் தட்டையும் அடுக்கிவைக்கிறீர்கள். நாங்கள் யாராவது சிரித்தோமா? நான் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குகிறேன். நாடும் தூங்குகிறது. இதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? அரசே, உங்களைக் காக்கவைத்தது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பூட்டைப் பார்த்ததற்குக் கேட்கமாட்டேன்.”

அரசர் அரியணையிலிருந்து இறங்கி, மோதிரத்தை எடுத்து இளவெயினியின் கையில் வைத்தார்.

“கேட்கவும் வேண்டாம். அரங்கேசரே, இன்றுமுதல் சபைத் தாம்பூலம் உங்கள் பொறுப்பு. நீங்கள் அடுக்கி முடிக்கும்வரை நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். அடுத்தவர் பழக்கத்தைப் பற்றி நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.”

அன்று மாலை இளவெயினி வழக்கம்போலக் கருவூலத்தைப் பூட்டினார், வாசல்வரை போனார், திரும்பினார். கதவுக்கு முன்னால் அரசரே நின்று பூட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நன்றாகத்தான் பூட்டியிருக்கிறது அமைச்சரே. நான் பார்த்துவிட்டேன்.”

“நீங்கள் பார்த்தால் சரிதான் அரசே” என்ற இளவெயினி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.