ஆட்டத்துக்கு முன்பே ஒட்டிய வெற்றி போஸ்டர்

கோதண்டபாணி சினிமா தயாரிப்பாளர். படம் ரிலீஸாகும் காலையிலேயே ஊரெல்லாம் ‘மாபெரும் வெற்றி’ என்று போஸ்டர் ஒட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் கபடி அணி ஒன்றை வாங்கினால் சும்மா இருப்பாரா?

“நாளைக்கு மேட்ச். வெற்றி போஸ்டரை இன்னிக்கே ஒட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ” என்றார், அணியின் விளம்பர மேலாளர் பிரிசில்லாவிடம்.

“இன்னும் ஆடவே இல்லையே சார்?”

“என் படத்தைக்கூடத்தான் யாரும் பாத்திருக்க மாட்டாங்க. ஒட்டும்மா!”

ஒட்டினாள். மறுநாள் அணி மண்ணைக் கவ்வியது. நிருபர்கள் போஸ்டரைக் காட்டிச் சிரித்தார்கள்.

“எல்லாம் இந்தம்மா பண்ண வேலை” என்று கைகாட்டினார் முதலாளி.

“நல்லாப் பாருங்க” என்றாள் பிரிசில்லா. ‘வெற்றி’க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி. ஒரு நிருபர் குனிந்து உரக்கப் படித்தார்: “நிபந்தனைக்கு உட்பட்டது. எதிரணி வராவிட்டால் மட்டும்.”

கோதண்டபாணிக்கு முகம் சிவந்தது. “என்னம்மா இது?”

“பெரிய எழுத்து உங்க சினிமா கம்பெனியில கத்துக்கிட்டது சார். சின்ன எழுத்து சோப்பு விளம்பரத்துல கத்துக்கிட்டது. உங்க படத்துக்கு எதிர்ல காலி நாற்காலிதான் இருக்கும். கபடியில ஏழு பேர் நிக்கிறாங்களே!”