நாலு கீல் போட்ட மூடி

கடவுள் புத்தியைப் பங்கு போட்ட அன்று சென்னியப்பனும் ஆறுச்சாமியும் தங்கமுத்துவும் முன்வரிசையில்தான் நின்றார்களாம். "நீ முதல்ல போ", "இல்லீங்கண்ணா, நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு முடிப்பதற்குள் புத்தி இருந்த அண்டா காலியாகிவிட்டது. அப்படிப்பட்ட மூவரும் சேர்ந்து சூலூர் ரோட்டில், ஒரே ஒரு கதவுள்ள தகரக் கொட்டகையில் கார் பட்டறை வைத்திருந்தார்கள்.

பட்டறை திறந்து ஆறு மாதம். அதுவரை உள்ளே வந்த ஒரே வண்டி, வழி கேட்க நின்ற லாரி. தலைமை மெக்கானிக் சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

"அடுத்து வர்ற வேலை உருப்படியா முடிஞ்சாச் சரி. இல்லீன்னா திங்கக்கிழமை என் தம்பி டெம்போ எடுத்துட்டு வருவான். பேசாம ஏறிப் போயி அவன் பண்ணையில முட்டை பொறுக்குங்க."

சென்னியப்பனுக்குக் கோழி என்றால் குலைநடுக்கம். சின்ன வயதில் ஒரு சேவல் அவரைத் தெரு முழுக்க விரட்டியிருக்கிறது. சேவல் செத்து முப்பது வருஷமாகியும் பாவம், மனுஷர் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.

அந்த வாரமே பல் டாக்டர் சுலோச்சனா தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். அறுபது வருஷத்துப் பழைய வண்டி, ஆனால் நேற்று வாங்கியது போல மின்னியது. அதற்கு எஞ்சின் பின்னால். எஞ்சினுக்கு மேலே இருந்த மூடியின் இரண்டு கீலும் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன.

"இது கடையில கிடைக்காது. அளவெடுத்து நீங்களேதான் செய்யணும்" என்றார் டாக்டர். "பெயிண்ட்ல ஒரு கீறல் விழக்கூடாது. கீல் வெளியே தெரியக்கூடாது. மூடி துளிகூட ஆடக்கூடாது. ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலம் இருக்கு. சனிக்கிழமை சாயந்திரம் வந்து பார்ப்பேன்."

கீறல் விழக்கூடாதல்லவா? மூவரும் மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றி வைத்தார்கள். தங்கமுத்து சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து எறிந்தான். ஆறுச்சாமி கவலையோடு வந்து நின்றான்.

"அண்ணா, என் மீசை முள்ளு முள்ளா இருக்குதுங்களே?"

சென்னியப்பன் தடவிப் பார்த்தார். நிலைமை மோசம்தான். மீசைக்கு மேல் ஒரு துண்டைக் கட்டிவிட்ட பிறகே அவனைக் காருக்குப் பக்கத்தில் விட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தலையில் கிடைக்காமல் போனது அவர்களுக்குக் கையில் கிடைத்திருந்தது. மூடியின் கீழ்விளிம்பைக் காரோடு பூட்டும் பழைய கொண்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எஃகை அறுத்து, வளைத்து, அராவி, மூன்று நாளில் இரண்டு கீல் செய்தார்கள். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு மடங்கின. மூடியின் மேல்விளிம்பில், உள்பக்கமாக மாட்டி மூடினார்கள். சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோழிகள் எங்கோ தூரத்தில் போய்விட்டதாகத் தோன்றியது.

தங்கமுத்து மூடியை ஆட்டிப் பார்த்தான். கொண்டி இல்லாததால் கீழ்விளிம்பு லேசாக ஆடியது. மூவரும் தரையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"எந்தப் பக்கம் ஆடுது?"

"கீழ்ப்பக்கமுங்கண்ணா."

"மேல்பக்கம்?"

"ஆடலைங்க. அங்கதான் கீல் இருக்குதுங்களே."

"அப்ப கீல் இருக்கிற பக்கம் ஆடாது, இல்லாத பக்கம் ஆடும்" என்றார் சென்னியப்பன். இவ்வளவு பெரிய விஷயம் தன் தலைக்கு எட்டியதில் அவருக்கே ஆச்சரியம். "கீழேயும் ரெண்டு போடு!"

இன்னும் இரண்டு கீல்கள் தயாராயின. ஆறுச்சாமி காருக்கு அடியில் படுத்து, கையை உள்ளே நுழைத்துக் கீழ்விளிம்பிலும் முடுக்கினான். இப்போது மூடி மலை மாதிரி நின்றது. சனிக்கிழமை மத்தியானம், டாக்டரம்மா வருமுன் ஒரு தடவை திறந்து பார்க்கலாமே என்று தூக்கினார்கள். மூவரும் சேர்ந்து தூக்கினார்கள். கார்தான் கொஞ்சம் எழும்பியது.

"கீல் நாலும் நல்லாத்தான் இருக்குது" என்றான் தங்கமுத்து. "மூடிக்குத்தான் எந்தப் பக்கம் திறக்கறதுன்னு குழப்பம்."

சென்னியப்பனின் காதுக்குள் சேவல் கூவியது. அந்தப் பயத்திலேயே அவருக்கு யோசனை பிறந்தது.

"திறக்கறதுன்னா என்னடா? மூடிக்கும் காருக்கும் நடுவுல சந்து வரணும். மூடி மேல போகமாட்டேங்குதா? விடு. அது அங்கேயே இருக்கட்டும். காரைக் கீழே இறக்கு!"

கூரை உத்தரத்தில், பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, மூடியில் காற்றுப் போக இருந்த துளைகளில் துணிப்பட்டையைக் கோத்து, இறுக்கிக் கட்டினார்கள். பிறகு பின்சக்கரங்களுக்கு அடியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தபோது அவருடைய கார், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுக் குழிக்கு மேலே எஞ்சின் மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் மூன்று தலைகள். ஒன்றின் மீசைமேல் துண்டு.

ஊசியைக் கண்டு அலறும் குழந்தையிடம் பேசிப் பழகியவர் என்பதால் டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். "சென்னியப்பன், என்ன பண்றீங்க?"

"மூடியைத் திறக்கறமுங்க. இன்னொரு அடி தோண்டுனா திறந்துக்கும்."

டாக்டர் குழியை மூடவைத்து, காரை இறக்கவைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு தானே காருக்கு அடியில் போனார். கீழே இருந்த இரண்டு கீலும் வெளியே வந்தன. மேஜைமேல் கிடந்த கொண்டியை மாட்டினார். பிறகு ஒரு விரலால் மூடியைத் தூக்கினார். அது சத்தமில்லாமல் எழுந்து நின்றது. மூடினால் துளிகூட ஆடவில்லை.

நூறு பற்களைப் பிடுங்கியும் கிடைக்காத சந்தோஷம் அவர் முகத்தில் வந்தது. "முழு காரையே தாங்கின கீல்! பிரமாதமான வேலை, சென்னியப்பன். ஊர்வலத்துல எல்லார்கிட்டயும் உங்க பட்டறை பேரைத்தான் சொல்லப்போறேன்." போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று பட்டறையின் ஒரே ஸ்க்ரூடிரைவரையும் கையோடு எடுத்துப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மச்சினன் கந்தவேலு டெம்போவோடு வந்தான். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

"மாமா! கிளம்புங்க, பண்ணைக்குப் போலாம்!"

"நான் எதுக்கு வர்றேன் மாப்ள?" உள்ளே இருந்து சென்னியப்பனின் குரல் ராஜா மாதிரி வந்தது. "வேலை பிரமாதம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. உங்கக்காகிட்ட போய்ச் சொல்லு."

"நீங்களே வெளியே வந்து சொல்லுங்க மாமா. நான் சொன்னா அக்கா நம்பாது."

உள்ளே மூவரும் கதவைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நம்ம கதவு ரொம்ப நாளா காத்துல ஆடிட்டே இருந்துச்சு மாப்ள. மீந்த ரெண்டு கீலையும் கீல் இல்லாத பக்கம் வச்சு நேத்து வெல்டு அடிச்சுட்டோம். இப்ப துளிகூட ஆடலை."

"அப்புறம் எப்படிங்க மாமா வெளியே வருவீங்க?"

"அதெல்லாம் சுலபம். கதவை நாங்க உள்ளே கெட்டியாப் பிடிச்சுக்கறோம். நீ டெம்போவுல கயித்தைக் கட்டிக் கொட்டகையை அந்தாண்ட இழுத்துரு."

கந்தவேலு கொட்டகையைச் சுற்றி வந்தான். தாடையைச் சொறிந்தபடி வெகுநேரம் யோசித்தான். பிறகு டெம்போவிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டே கேட்டான்:

"கொட்டகையைக் கியர்ல போட்டிருக்கீங்களா மாமா, நியூட்ரல்லயா?"